தாது வருஷப் பஞ்சம் முதல் 2015 வெள்ளம் வரை: பழி யார் மேல?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரக் கதையை ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிக்கலாம்.

மயிலாப்பூர்ல திருமயிலை ஸ்டேஷன் தெரியும் இல்லையா? பறக்கும் ரயில் பிளாட்ஃபார்ம்ல இருந்து கீழ எட்டிப் பாருங்க. தூண்களுக்கு நடுவுல கறுப்பா, நகரவே நகராத ஒரு தண்ணி தெரியும். பல பேர் அதை சாக்கடைன்னு நினைச்சுட்டு இருக்கோம். கூவம்னு நினைக்கறவங்களும் உண்டு. ரெண்டும் இல்லை. அது பக்கிங்காம் கால்வாய்.

வடக்கே எண்ணூர் பக்கம் போற கால்வாய் 1806-லயே வெட்டப்பட்டது. ஆனா ஊருக்கு நடுவுல, கூவத்தையும் அடையாறையும் இணைக்கற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, அதாவது சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியா வர்ற இந்தத் துண்டு, 1877-78-ல வெட்டினது. வெட்டினவங்க பசியில இருந்த மக்கள். பஞ்ச நிவாரண வேலைன்னு சொல்லி, ஒரு நாள் கூலிக்கு மண்ணு சுமக்க வெச்சாங்க. அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் பக்கிங்காம் பிரபு. கால்வாய்க்கு அவர் பேரு. வெட்டினவங்க பேரு எங்கயும் இல்லை.

அந்தப் பஞ்சம் ஏன் வந்ததுங்கற கேள்விதான் இன்னைக்கு எபிசோட். ஏன்னா, ஒரு ஊரோட மழையையும் வெயிலையும் எது தீர்மானிக்குதுங்கற கேள்வியை உலகமே சீரியஸா கேட்க ஆரம்பிச்ச இடங்கள்ல நம்ம சென்னையும் ஒண்ணு. அந்தக் கேள்விக்கு வந்த முதல் பதில் தப்பு. அந்தத் தப்பான பதிலால லாபம் அடைஞ்சவங்க யாருன்னு பார்த்தா, 2015 வெள்ளம் வரைக்கும் நமக்கு ஒரு பாடம் இருக்கு.

நுங்கம்பாக்கத்துக் கணக்குப் புத்தகம்

டிவியில "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை"ன்னு சொல்றாங்களே, அந்த நுங்கம்பாக்கம் கணக்குக்கு இருநூறு வயசுக்கு மேல ஆகுது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்க 1792-ல ஒரு வானாய்வகம் கட்டினது. நட்சத்திரம் பார்த்து நேரத்தையும் தீர்க்கரேகையையும் கணக்குப் போடத்தான் கட்டினாங்க. கப்பல் ஓட்டறவங்களுக்கும் நிலம் அளக்கறவங்களுக்கும் அது தேவை. ஆனா கூடவே 1796-ல இருந்து வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் ஒழுங்கா எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க. 1813-ல இருந்து தொடர்ச்சியான மழைக்கணக்கு இருக்கு.

இது ஏன் பெரிய விஷயம்? பருவநிலைங்கறது ஒரு நாள் சமாச்சாரம் இல்லை. "இன்னைக்கு செம வெயில்"ங்கறது வானிலை. முப்பது, ஐம்பது, நூறு வருஷக் கணக்கைப் பரப்பி வெச்சுப் பார்த்தா தெரியற குணம்தான் பருவநிலை. ஒரு மனுஷன் இன்னைக்குக் கோவமா இருக்கான்ங்கறதும், அவன் கோவக்காரன்ங்கறதும் வேற வேற இல்லையா, அப்படி. குணத்தைச் சொல்ல நீண்ட காலப் பழக்கம் வேணும். அந்த நீண்ட கணக்கு ஆசியாவுலயே வெகு சில ஊர்கள்ல தான் இருந்தது. அதுல ஒண்ணு மெட்ராஸ்.

தாது வருஷம்

1876. தமிழ்க் கணக்குல தாது வருஷம். தென்மேற்குப் பருவமழை சரியில்லை. அதுக்கப்புறம் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் ஏமாத்திடுச்சு. அடுத்த வருஷம் 1877-ல தென்மேற்கு மறுபடி பொய்த்தது. மெட்ராஸ் மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் எல்லாம் பட்டினி. தமிழ்ல இதுக்கு இன்னைக்கும் தாது வருஷப் பஞ்சம்னு தான் பேரு. செத்தவங்க எண்ணிக்கை 55 லட்சத்துக்குக் குறையாதுன்னு பல வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. 80 லட்சத்தைத் தாண்டும்னு கணக்குப் போட்டவங்களும் இருக்காங்க.

மழை பொய்த்தது உண்மை. ஆனா நாட்டுல தானியமே இல்லையான்னு கேட்டா, இருந்தது. பஞ்சம் நடந்த காலத்துலயே இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதி ஆச்சு. அதுவரைக்கும் அவ்வளவு போனதே இல்லை. வியாபாரத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதுங்கறது வைஸ்ராய் லிட்டனோட கொள்கை. ரயில் இருந்தது, தானியமும் அதுல வந்தது. வாங்கத்தான் மக்கள் கையில காசு இல்லை.

நிவாரண வேலைக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம்? 1877 ஜனவரியில லிட்டன் அனுப்பின அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். செலவைக் குறைக்கணும்ங்கறது தான் அவருக்குக் கொடுத்த வேலை. ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். கூட ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கம்மி. நாள் முழுக்க மண்ணு வெட்டறவங்களுக்கு!

இதை எதிர்த்தவர் மெட்ராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். இந்த அளவுல உடம்பு தாங்காது, குறைஞ்சது ஒன்றரை பவுண்டு தானியம் வேணும், கூடக் காய்கறியும் பருப்பு மாதிரி புரதமும் வேணும்னு வாதாடினார். கடைசியில 1877 மார்ச்ல மெட்ராஸ் அரசாங்கம் பாதி வழிக்கு இறங்கி வந்தது. 570 கிராம் தானியம், கொஞ்சம் பருப்பு. நடுவுல போன மாசங்கள்ல போன உயிர்களுக்கு யாரும் பதில் சொல்லலை.

சூரியன் தான் காரணமாம்

இப்போ கதையில ஒரு திருப்பம். அதே 1877-ல இந்திய அரசாங்கத்தோட புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் வில்சன் ஹண்டர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். அவர் கையில எடுத்தது நம்ம மெட்ராஸ் மழைக்கணக்கு, 1813-ல இருந்து. அதைச் சூரியப் புள்ளிகளோட ஒப்பிட்டார்.

சூரியன் மேல கரும்புள்ளிகள் தோன்றி மறையும். சுமார் 11 வருஷத்துக்கு ஒரு சுற்று. புள்ளி குறையற காலத்துல மெட்ராஸ்ல மழையும் குறையுது, அதனால பஞ்சம் வருதுன்னார் ஹண்டர். இங்கிலாந்தோட பிரபல வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோட சேர்ந்து இதைப் பத்தி எழுதினார். ஒரே பரபரப்பு.

நேர்மையா சொல்லணும்னா, கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்லை. பூமிக்கு வெப்பம் வர்றதே சூரியன்கிட்ட இருந்து. அது மாறினா மழை மாறுமான்னு கேட்கறது நியாயம். ஆனா இந்தப் பதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சூரியன் தான் காரணம்னா, கோதுமை ஏத்தின கப்பலைப் பத்தி யாரும் கேட்க வேண்டாம். ஒரு பவுண்டு கூலியைப் பத்தியும் கேட்க வேண்டாம்.

ஒரு நல்லதும் நடந்தது. சூரியனை ஒழுங்கா கவனிக்கணும்னு பேச்சு வந்தது. மெட்ராஸ் வானாய்வகத்துல இருந்த நார்மன் போக்சன் 1882-ல தென்னிந்திய மலை ஒண்ணுல பெரிய தொலைநோக்கி வேணும்னு கேட்டார். அது கடைசியில கொடைக்கானல் வானாய்வகமா வந்து நின்னது. 1895-ல அடிக்கல் போட்டு, 1899-ல மெட்ராஸ்ல இருந்து வானியல் வேலைகள் அங்க போச்சு. வானிலைக் கணக்கு மட்டும் நுங்கம்பாக்கத்துலயே தங்கிடுச்சு. கொடைக்கானல் டூர் போகும்போது அந்த வானாய்வகத்தைப் பார்த்தா, அதுக்குப் பின்னாடி ஒரு பஞ்சம் இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா சூரியப் புள்ளிக் கணக்கு நிலைக்கலை. அடுத்தடுத்த சுற்றுகள்ல மழை அந்தக் கணக்குக்கு அடங்கலை.

ராமானுஜனுக்கு சிபாரிசு செய்தவர்

1904-ல இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரா வந்தவர் கில்பர்ட் வாக்கர். இவர் படிச்சது கணிதம். வானிலை பத்தி அதிகம் தெரியாது. இந்தப் பேரு உங்களுக்கு வேற கதையில வந்திருக்கலாம். 1913 பிப்ரவரியில மெட்ராஸ் வந்தப்போ, துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்த ஒரு இளைஞரோட நோட்டுப் புத்தகத்தை இவருக்குக் காட்டினாங்க. இவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுங்கன்னு மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார் வாக்கர். அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் உள்ளூர்ல மட்டும் தேடாம, உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைச்சார். ஆபீஸ்ல இந்தியக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வருஷக்கணக்கா அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பார்த்தாங்க. கையாலேயே, கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. அதுல ஒரு ஏற்ற இறக்கம் பிடிபட்டது. பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினா, இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது. இந்தப் பக்கம் ஏறினா அந்தப் பக்கம் இறங்குது. சீசா பலகை மாதிரி. 1920-கள்ல அதுக்குத் தெற்கு அலைவுன்னு பேரு வெச்சார். பெரு நாட்டுக் கடல் சில வருஷம் திடீர்னு சூடாகற எல் நினோவும் இந்தச் சீசாவும் ஒரே ஆட்டத்தோட ரெண்டு முனைன்னு 1969-ல பியர்க்னஸ் விளக்கினார்.

1877-78-ல வந்தது, நமக்குத் தெரிஞ்ச எல் நினோக்கள்லயே மிகப் பலமான ஒண்ணு. அதே சமயத்துல சீனாவுலயும் பிரேசில்லயும் பஞ்சம். தாது வருஷத்துக்கான இயற்கைக் காரணம் வானத்துல இல்லை, கடல்ல இருந்தது. கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டு ஆச்சு.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விசேஷம் இருக்கு. எல் நினோ வந்தா தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் பலவீனமாகும். ஆனா நமக்கு மெயின் மழை வடகிழக்கு. எல் நினோ வருஷத்துல அது பெரும்பாலும் கூடும். வடக்க வறட்சி, நமக்கு வெள்ளம். 2015-ம் பலமான எல் நினோ வருஷம் தான்.

விறகும் நிலக்கரியும்

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் இயற்கை: சூரியன், கடல், காத்து. எரிமலைச் சாம்பலையும் சேர்த்துக்கலாம். பூமியோட பருவநிலையை இவை எப்பவுமே ஆட்டிட்டு தான் இருந்திருக்கு. "கிளைமேட் எப்பவும் மாறிட்டே தான் இருந்தது"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதிக்கு நம்ம கால்வாய்க்குத் திரும்பி வாங்க.

ஒரு காலத்துல இந்தக் கால்வாய்ல படகுகள் வந்தது. உப்பு, அரிசி, அப்புறம் முக்கியமா சவுக்கு விறகு. மெட்ராஸோட அடுப்பு எரிஞ்சது அதுல. விறகை எரிச்சாலும் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆனா அந்தச் சவுக்கு சில வருஷம் முன்னாடி தான் அதே காத்துல இருந்து அந்தக் கார்பனை எடுத்து வளர்ந்தது. திரும்ப நட்டா திரும்ப எடுக்கும். கைமாத்து மாதிரி, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கறது.

நிலக்கரி அப்படி இல்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி புதைஞ்ச கார்பன் அது. அதைத் தோண்டி எரிக்கும்போது, காத்துக் கணக்குல இல்லாத புதுப் பணம் உள்ள வருது.

1895-ல மெட்ராஸ்ல எலெக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பிச்சது. இந்தியாவுலயே முதல். அடுத்த வருஷம், 1896-ல, ஸ்வீடன் விஞ்ஞானி அரேனியஸ் ஒரு கணக்குப் போட்டார்: காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானா பூமி எத்தனை டிகிரி சூடாகும்னு. அது நடக்கப் பல ஆயிரம் வருஷம் ஆகும்னு அவர் நினைச்சார்.

நம்ம வேகத்தை அவர் எதிர்பார்க்கலை. பேசின் பிரிட்ஜ்ல நிலக்கரி மின் நிலையம், 1960-கள்ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி, 1969-ல மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல எண்ணூர் அனல் மின் நிலையம், 1990-கள்ல வடசென்னை. எண்ணூர் பழைய நிலையத்தை 2017-ல மூடிட்டாங்க. ஆனா எண்ணூர் கழிமுகத்துல படிஞ்ச சாம்பல் இருக்கு. தி.நகர்ல ரங்கநாதன் தெருவுல லைட் எரியும். அதோட சாம்பல் வடசென்னைக்குப் போகும். புகை எல்லாருக்கும் பொது.

உலகக் கணக்கு என்ன? தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துல சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு. இப்போ 420-ஐத் தாண்டிடுச்சு. சூரிய ஒளி உள்ள வரும்போது இந்த வாயு பெருசா தடுக்காது. பூமி சூடாகி வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது அதுல ஒரு பகுதியைப் பிடிச்சு வெச்சுக்கும்.

அது நிலக்கரி, பெட்ரோல்ல இருந்து தான் வந்ததுன்னு எப்படித் தெரியும்? கார்பன் 14-ன்னு ஒரு வகை இருக்கு. உயிரோட இருக்கற மரத்துல அது இருக்கும். செத்ததுல சிதைஞ்சுகிட்டே போகும், 5,730 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். நிலக்கரியில சுத்தமா இல்லை. நாம எரிக்க எரிக்க, காத்துல இருக்கற கார்பன் 14-ஓட விகிதம் நீர்த்துப் போகுது. கைரேகை மாதிரி சாட்சி.

சரி, ஹண்டர் கேட்ட கேள்வி? சூரியனா இருக்கக் கூடாதா? 1978-ல இருந்து செயற்கைக்கோள்கள் சூரியனோட வெளிச்சத்தை நேரடியா அளக்குது. 11 வருஷச் சுற்றுல அது மாறறது சுமார் 0.1 சதவீதம். மொத்தத்துல ஏறவே இல்லை. பூமி மட்டும் ஏறிட்டே இருக்கு. இன்னொண்ணு: சூரியன் காரணம்னா காற்றுமண்டலம் மேல இருந்து கீழ வரைக்கும் சூடாகணும். ஆனா கீழ் அடுக்கு சூடாகுது, மேல ஸ்ட்ராடோஸ்பியர் குளிருது. கீழ போர்வை போர்த்தின மாதிரி. ஐ.நா.வோட பருவநிலை அறிக்கைப்படி, 19-ஆம் நூற்றாண்டுல இருந்து 2010-கள் வரைக்கும் ஏறின சுமார் 1.1 டிகிரியில சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது கிட்டத்தட்ட பூஜ்யம்.

2015, டிசம்பர் 1

அன்னைக்கு ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க? சென்னைக்காரங்க எல்லார்கிட்டயும் இதுக்கு ஒரு பதில் இருக்கும்.

நவம்பர் மாசம் மட்டும் நுங்கம்பாக்கத்துல 1,049 மில்லிமீட்டர் மழை. இதைவிட அதிகமான நவம்பர் எப்போன்னு தேடினா, அதே பழைய கணக்குப் புத்தகம் 1918-னு சொல்லுது: 1,088. டிசம்பர் 1-ம் தேதி மறுபடி கொட்டுது. செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறக்கறாங்க. அடையாறு கரை உடைஞ்சு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைன்னு வீட்டுக்குள்ள வருது.

உடனே ஒரு வார்த்தை எல்லார் வாயிலயும் வந்தது: கிளைமேட் சேஞ்ச்.

அது உண்மையான்னு ஒரு சர்வதேச ஆய்வுக் குழு கணக்குப் போட்டு 2016-ல வெளியிட்டாங்க. முடிவு பல பேருக்கு ஆச்சரியம். அந்த ஒரு நாள் பேய்மழைக்குப் புவி வெப்பமயமாதல்தான் காரணம்னு சொல்ல, பதிவுகள்ல தடயம் கிடைக்கலை. எல் நினோவோட பங்கு கூடச் சின்னது தான்.

அப்போ நிலக்கரிக்கு விடுதலையா? இல்லை. அவங்க சொன்ன காரணத்தைக் கவனிங்க. பொதுவா காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும். அதனால மழை கனமாகணும். ஆனா நம்ம கரையோர வங்கக்கடல் அந்த அளவுக்குச் சூடாகலை. காரணம் பெரும்பாலும் புகைத்தூசி. நிலக்கரி, டீசல், விறகு எரியறப்போ வர்ற நுண்துகள்கள் வெயிலை மறைச்சு, கார்பன் டை ஆக்சைடு கொடுக்கற சூட்டை இதுவரைக்கும் ஈடுகட்டிட்டு இருந்திருக்கலாம்னாங்க. தூசி சில நாள்ல, சில வாரத்துல மழையோட கீழ வந்துடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கா மேலயே நிக்கும். நம்ம நுரையீரலுக்காக அந்தப் புகையை நாம சுத்தம் பண்ணித்தான் ஆகணும். பண்ணும்போது, மறைஞ்சிருந்த சூடு வெளிய வரும். தணிக்கை ஆன கடன் இது, தள்ளுபடி ஆனது இல்லை.

அப்படின்னா 2015-ல மூழ்கினது எதனால? மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு. லேக் எங்க? டேங்க் எங்க? அங்க நீளமா ஒரு ஏரி இருந்தது. 1920-கள்ல அதை வத்த வெச்சு, நிலமாக்கி, தியாகராய நகரைக் கட்டினாங்க. ஊர் பெருகினப்போ அது ஒரு நல்ல திட்டமாத்தான் தெரிஞ்சது. மயிலாப்பூர்ல, பஞ்சத்துல வெட்டின கால்வாய்க்கு உள்ளயே 1990-கள்ல ரயில் தூண்களை நட்டாங்க. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கினது. மத்திய தணிக்கைத் துறையோட அறிக்கை 2018-ல சட்டசபைக்கு வந்தது. செம்பரம்பாக்கத்துல தண்ணி திறந்த விதத்தைக் குறை சொல்லி, இது மனிதரால் வந்த பேரழிவுன்னே எழுதினது.

ரெண்டு சாக்கு

இப்போ ரெண்டு காலத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1877-ல பஞ்சத்துக்குக் காரணம் சூரியப் புள்ளின்னு சொன்னா, தானியக் கப்பலும் அரைவயித்துக் கூலியும் மறைஞ்சு போகுது. இன்னைக்கு வெள்ளத்துக்கு ஒரே காரணம் கிளைமேட் சேஞ்ச்னு சொன்னா, தூர்ந்த கால்வாயும் காணாமப் போன ஏரியும் மறைஞ்சு போகுது. பேரு தான் மாறியிருக்கு, சாக்கு அதே சாக்கு.

எதிர்ப்பக்கத்துலயும் ஒரு சாக்கு இருக்கு. "இதெல்லாம் இயற்கை, எல் நினோ, எப்பவும் வர்றது தான்"னு சொன்னா நிலக்கரி மறைஞ்சு போகுது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951-ல இருந்து 2015-க்குள்ள சுமார் ஒரு டிகிரி சூடாகியிருக்குன்னு இந்திய அரசோட அறிக்கையே சொல்லுது. உலகக் கடல்மட்டம் 1901-ல இருந்து 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. அடையாறு முகத்துவாரத்துல, வெள்ளம் வடியவேண்டிய வாசல்லயே கடல் உயர்ந்து நின்னா, அடுத்த 2015-ல தண்ணி வடியறது இன்னும் கஷ்டம்.

எல் நினோவை நம்மால நிறுத்த முடியாது. ஏரியை மூடறதும், கால்வாயைச் சுருக்கறதும், நிலக்கரி எரிக்கறதும் மனுஷன் எடுக்கற முடிவு. அடுத்த தடவை யாராவது ஒரே வார்த்தையில காரணம் சொன்னா, இதுல எவ்வளவு கடலோடது, எவ்வளவு புகையோடது, எவ்வளவு கோப்புல கையெழுத்துப் போட்டவங்களோடதுன்னு பிரிச்சுக் கேளுங்க. பிரிச்சுச் சொல்ல முடியும். நுங்கம்பாக்கத்துல இருநூறு வருஷமா யாரோ ஒருத்தர் தினமும் எழுதி வெச்சதால தான் முடியும்.

அடுத்த முறை திருமயிலைல ரயிலுக்கு நிக்கும்போது ஒரு நிமிஷம் கீழ பாருங்க. பஞ்சக் கூலிக்கு வெட்டின கால்வாய் அது. தண்ணி போறதுக்காக நாம இன்னும் வெச்சிருக்கற கொஞ்ச வழிகள்ல ஒண்ணும் கூட.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட தாது வருஷம் பத்தி வழிவழியா கேட்ட கதை ஏதாவது இருந்தா, மறக்காம எழுதி அனுப்புங்க.